சுற்றுலாவில் சிறு காயம்

சுற்றுலா என்றாலே உள்ளம் துள்ளும். நம் சின்னசேலத்துக்கு அருகே கல்வராயன் மலையில் மேகம் அருவியும் பெரியார் அருவியும் உண்டு. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலுடன் நடப்போரும் நம்மிடையே உண்டு. வழியில் முள் குத்தும், பாறை வழுக்கும், செருப்புக் கடித்துக் கொப்புளம் எழும். சிறு காயந்தானே என்று விட்டால், நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலை வந்துவிடும்.

காயம் சீழ் பிடிப்பது ஏன்? கெட்ட காற்றே காரணம் என்று முன்னாளில் நம்பினர். லூயி பாஸ்டரின் கிருமி ஆராய்ச்சியை அறிந்த ஆங்கில மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயங்களைக் கட்டி, 1867இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கிருமியைத் தடுத்தால் காயம் நன்கு ஆறும் என்பதை உலகம் அதன்பின் உணர்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. முதலில் நம் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்க்கலாகாது. பின்பு குடிநீரை ஊற்றி, மண்ணும் தூசியும் போகும்வரை கழுவ வேண்டும். கிருமிநாசினி மருந்து தடவிச் சுத்தமான துணியால் கட்டி, நாள்தோறும் கட்டை மாற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அதன் தோலே அதற்குக் கவசம்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம், கசக்கிய பச்சிலை ஆகியவற்றைக் காயத்தில் வைப்பது தவறு. அவற்றோடு கிருமிகளும் உள்ளே செல்லும். வாயால் ஊதுவதும் அப்படியே.

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும், தாடை இறுகும், உயிருக்கே ஆபத்து நேரும். ஆணியின் துரு அதற்குக் காரணமன்று. ஆணியில் ஒட்டிய மண்ணே காரணம். நம் நாட்டில் 10 வயதிலும் 16 வயதிலும் இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. பெற்றோரே, உங்கள் மகள் அதைப் போட்டுக்கொண்டாளா என்று பாருங்கள். ஆழமான அல்லது மண் படிந்த காயமானால், தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால், சிறு கீறலானாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், விண்விண் என்று தெறித்தல், சீழ், நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவரை நாடுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

தோழியரே, பையில் சிறு சோப்பு, பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, ஒரு புட்டி நீர் இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று: ஆசிரியை திட்டுவார், பயணம் கெடும் என்று அஞ்சிக் காயத்தை மறைக்காதீர்கள். உடனே சொன்ன காயம் விரைவில் ஆறும். மறைத்த காயமே மருத்துவமனைக்கு இழுத்துச் செல்லும்.