ஒரே பேர்ல ரெண்டு பொண்ணுங்க: ஒரு மெனனைட் பாட்டியின் வேரைத் தேடி

இந்த எபிசோட் என் டீம்ல இருக்கிற ஒரு நண்பனோட பாட்டியைப் பத்தி. அவன் கனடாவில, வின்னிபெக்ல இருக்கான். பாட்டிக்கு 87 வயசு. மெனனைட் குடும்பம்.

வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற வம்சாவளிப் படம் தப்புன்னு பாட்டி சொல்லிட்டே இருந்தாங்க. "எங்க பாட்டி ஒன்பது வயசுல கப்பல் ஏறினவங்க" என்பது அவங்க கட்சி. படத்துல பிறந்த வருஷம் 1864. கப்பல் ஏறினது 1875 கோடையில். கணக்குப் போட்டா பதினொண்ணு வருது. பாட்டிக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு வீட்ல முடிவே கட்டிட்டாங்க.

கொஞ்சம் பின்கதை. மெனனைட்டுகள் 16ஆம் நூற்றாண்டு மென்னோ சைமன்ஸ் வழி வந்த கிறிஸ்தவர்கள். ஆயுதம் தொடமாட்டாங்க. நெதர்லாந்துல இருந்து விஸ்துலா டெல்டா, 1789 முதல் இன்றைய உக்ரைன். 1870களில் ரஷ்யப் பேரரசு கட்டாய ராணுவ சேவைக்குத் திரும்பியதும் ஆயிரக்கணக்கானோர் கான்சாஸ், மானிடோபான்னு கிளம்பினாங்க. மரியுபோல் பக்கம் இருந்த பெர்க்தால் குடியிருப்பு 1874–76ல் ஊரோட காலி பண்ணிட்டு மானிடோபா வந்துடுச்சு. பாட்டி குடும்பம் அந்தக் கூட்டம்தான்.

இவங்களைத் தேட ஒரு டேட்டாபேஸ் இருக்கு. பேரே 'கிராண்ட்மா'! கலிஃபோர்னியாவில ஒரு மெனனைட் வரலாற்றுச் சங்கம் நடத்துது. பத்து லட்சத்துக்கும் மேல பேர். ஒவ்வொருத்தருக்கும் தனி எண். ஏன்னு தேட ஆரம்பிச்சாதான் புரியும். திரும்பின பக்கமெல்லாம் பென்னர், ஃப்ரீசன், வீப், டிக். பேரை பிரைமரி கீயா வெச்சா அவ்ளோதான்.

ஆனா ஒரு அழகான விஷயம். நம்ம இனிஷியல் அப்பா பேர்ல இருந்து வருது இல்லையா? இவங்கள்ல பலருக்கு நடு இனிஷியல், அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப்பேரோட முதல் எழுத்து. பாட்டியோட அப்பா பேருக்கு நடுவில 'எஃப்'. அந்த ஒத்தை எழுத்தைப் பிடிச்சுத்தான் ஒரு ஃப்ரீசன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கதான் பிரச்சினை. அந்த வீட்ல அதே பேர்ல ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு 1864, இன்னொண்ணு 20 பிப்ரவரி 1866. ஒரு குழந்தை தவறிட்டா அடுத்த குழந்தைக்கு அதே பேரை வைக்கிறது அப்போ சாதாரணம். படம் வரைஞ்சவங்க முதல் ரிசல்ட்டை எடுத்து ஒட்டிட்டாங்க. (நாமளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோல அதைத்தானே செய்றோம்.)

உயிரோட வளர்ந்தது யார்? மெனனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டாங்க. வளர்ந்து, தானே விசுவாசத்தைச் சொன்ன பிறகுதான். ஆக, ஞானஸ்நானத் தேதி இருந்தா அந்தப் பொண்ணு வளர்ந்தவள். மானிடோபா சபைப் பதிவேட்டுல அந்தப் பேருக்கு 1886ல் ஞானஸ்நானம். ஆனா பிறந்த தேதி 4 மார்ச் 1866. மூணாவது ஆளான்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன். இல்ல. ரஷ்யாவில பழைய ஜூலியன் காலண்டர். 19ஆம் நூற்றாண்டில் நம்ம காலண்டருக்கு 12 நாள் பின்னாடி. பிப்ரவரி 20 கூட்டல் 12, மார்ச் 4. டைம்ஸோன் பக் மாதிரியேதான்!

அப்போ 1875 கோடையில் வயசு ஒன்பது. பாட்டி சொன்னது சரி.

நண்பன் போன்ல சொன்னதும் பாட்டி பெருமைப்படல. "அந்த மூத்தது எப்போ தவறிச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. பதிவுல அந்த இடம் காலி. பரவாயில்ல, புதுப் படத்துல அவளுக்கும் ஒரு கட்டம் போடுன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் போட்டுட்டான்.