உங்களுக்குத் தெரியுமா? ஆயில் டப்பாவின் இரண்டு எண்கள்

✦ இன்ஜின் ஆயில் டப்பாவில் ‘10டபிள்யூ-30’ என்று போட்டிருப்பார்கள். அந்த டபிள்யூ எடையைக் குறிப்பதல்ல. ‘விண்டர்’, அதாவது குளிர்காலம்.

✦ முதல் எண் குளிரில் நடக்கும் சோதனை. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் வைத்து, இன்ஜினைச் சுழல விடுமா என்று பார்ப்பார்கள். 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. எண் சிறுத்தால் குளிரைத் தாங்கும் என்று பொருள்.

✦ இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் பார்ப்பது. ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 30 என்றால் அதற்குக் கீழே 9.3 வரை. ஒப்பிட, சூடாக்காத சாதாரணத் தண்ணீர் சுமார் 1 சென்டிஸ்டோக்.

✦ ‘குளிரில் 10, சூடானால் 30, அப்படியென்றால் சூட்டில் கெட்டியாகும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. எந்த ஆயிலும் சூடானால் இளகத்தான் செய்யும். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் சுமார் 110 சென்டிஸ்டோக் இருந்தால், 100 டிகிரியில் 14, 15க்கு வந்துவிடும். இன்னும் மோசமாக இளகாமல் தடுப்பது அதில் கலந்திருக்கும் பாலிமர். குளிரில் சுருண்டு கிடக்கும். சூடு ஏற ஏற விரிந்து எண்ணெயின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும். நீண்ட சங்கிலி என்பதால் அறுபடவும் செய்யும். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர்ப் பற்களுக்கு இடையில் நசுங்கி நசுங்கிப் பாலிமர் துண்டாகிறது. “ஆயில் தண்ணியாப் போச்சு” என்று மெக்கானிக் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

✦ ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரமே கறுக்கும். அழுக்கையும் கரியையும் அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது.

✦ எண் ஒன்றாக இருந்தாலும் போதாது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு விற்கும், ‘ஜாசோ எம்பி’ என்ற தரக்குறி போட்ட ஆயிலில் வழுக்கும் தன்மை அதிகம். கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இருக்கும் பைக்கில் அதை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம். அங்கே தேவை ‘ஜாசோ எம்ஏ’. வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

✦ ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்பதை எல்லா வண்டிக்கும் பொருத்துவது தவறு. கூலன்ட் உள்ள காரில் இன்ஜின் சூடான பிறகு, வேலூர் வெயிலானாலும் ஊட்டிப் பனியானாலும் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே நிற்கும், அதற்குத்தான் தெர்மோஸ்டாட். இடுக்குகள் நுண்ணியதாக இருக்கும் புது இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே கேம் வரை போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

✦ காஸ்ட்ரால் என்ற பெயர் ‘காஸ்டர்’ எண்ணெயிலிருந்து, அதாவது நம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வந்தது. 1909இல் இங்கிலாந்தில், குளிரில் ஓடவும் சூட்டில் தாங்கவும் வேண்டும் என்பதற்காக அதை மோட்டார் ஆயிலில் சேர்த்தார்கள்.