வாலைத் தூக்கி ஆடும் கதிர்க்குருவி!



கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது வழியோரப் புதர்களைக் கவனியுங்கள். வாலைச் செங்குத்தாகத் தூக்கி ஆட்டியபடி ஒரு குட்டிப் பறவை தாவித் திரியும். அதுதான் கதிர்க்குருவி!

பெயர் வந்த கதை

ஐரோப்பாவில் 'ரென்' என்றொரு சின்னஞ்சிறு பறவை உண்டு. அதுவும் வாலைத் தூக்கியே வைத்திருக்கும். ரென் குடும்பத்தில் 80க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. ஆண்டிஸ் மலைக்காடுகளிலும் சில வகைகள் உண்டு. அந்த ஒன்றை மட்டும் நம் இமயமலையில் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ரென் கிடையாது. ஆனால், நம் கதிர்க்குருவியின் வாலாட்டத்தைப் பார்த்த ஆங்கிலேயர்கள் அதற்கு 'ரென் வார்ப்ளர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இரண்டும் உறவல்ல. இப்போது 'பிரினியா' என்கிறார்கள்.

இலையைத் தைக்கும் தையல்காரர்

கதிர்க்குருவிகளில் பல வகை உண்டு. தோட்டங்களில் அடிக்கடி காணப்படுவது சாம்பல் கதிர்க்குருவி. நீளம் 13 செ.மீ. எடையோ ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அளவுதான்! பறக்கும்போது 'கிட் கிட்' என்று பொறி தெறிப்பது போலச் சத்தம் வரும்.

சிலந்தி நூலாலும் நாராலும் இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே மெல்லிய புல்லை வைத்துக் கூடு கட்டும். சில நேரம் புல்லாலேயே பை போலப் பின்னும். செங்கல் நிறத்தில் பளபளக்கும் 3 முதல் 5 முட்டைகள் இடும். ஏறக்குறைய 12 நாளில் குஞ்சு பொரியும். தாய், தந்தை இரண்டும் இரை ஊட்டும். பயிரைத் தின்னும் புழு, பூச்சிகள்தான் அவற்றின் உணவு. அப்படியானால் இது உழவரின் நண்பன் அல்லவா?

ஆபத்து எங்கே?

கூடு பெரும்பாலும் உங்கள் இடுப்பு உயரத்துக்குள்தான் இருக்கும். பாம்பு எளிதாக ஏறிவிடும். சில சிறு குயில்கள் திருட்டுத்தனமாக முட்டையிட்டுப் போகும். இவற்றை எல்லாம் சமாளித்தே இந்த இனம் வாழ்கிறது. ஆனால், வரப்போரப் புதருக்கு நாம் வைக்கும் தீயை அது எப்படிச் சமாளிக்கும்? தாய் பறந்து தப்பலாம், குஞ்சுகள் கருகிவிடும்.

ஆகவே, உங்கள் வீட்டில் புதர் வெட்டும்போதோ, சருகு கொளுத்தும்போதோ, "உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். கூட்டைக் கண்டால் தொடாதீர்கள். எட்ட நின்று பாருங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். குஞ்சுகள் பறந்துபோகும் நாளையும் நீங்களே எழுதலாம்!