வயலில் இயற்பியல் மாணவருக்கு என்ன வேலை?

கோடை விடுமுறை நெருங்கும்போது கல்லூரி ஆசிரியரின் அறை வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். "சார், இன்டர்ன்ஷிப் எங்கே போகலாம்?" என்பது அவர்கள் கேள்வி. கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் பலவற்றில் இன்று கோடைப் பயிற்சி இடம்பெற்றுள்ளது. பயிற்சி பெற்றதற்குச் சான்றிதழ் வேண்டும், அறிக்கை வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

நான் வசிப்பது விம்கோ நகரில். தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட இடம் இது. தெற்கே துறைமுகம், மேற்கே மணலி, வடக்கே எண்ணூர் என எத்திசையிலும் ஆலைகள். என் மாணவர்களில் பலருடைய தந்தையர் ஆலைத் தொழிலாளர்கள். எனவே பயிற்சி என்றதும் அவர்கள் மனம் ஆலைகளையே நாடுவதில் வியப்பில்லை. ஒரு கோடையில் ஐந்து மாணவர்களிடம், "நெல் வயலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "நாங்கள் இயற்பியல் மாணவர்கள் ஆயிற்றே சார், வயலில் எங்களுக்கு என்ன வேலை?" என்றாள் ஒரு மாணவி.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேளாண் மாணவர் கற்கும் முறை

வேளாண்மைக் கல்வி நம் மாநிலத்தில் சென்னையிலேயே தொடங்கியது. 1868இல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வேளாண் பள்ளியே பின்னர் 1906இல் கோவைக்கு மாறியது. 1971இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று வேளாண் பட்டப்படிப்பு மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, உழவர்களோடு இருந்து பணி அனுபவம் பெறுகிறார்கள். நாற்றங்கால் முதல் அறுவடை வரை உழவர் எடுக்கும் முடிவுகளை அவர்கள் அருகிலிருந்து காண வேண்டும் என்பதே இதன் கருத்து.

இயற்பியல் மாணவருக்கு ஒரு மாதந்தான் கிடைக்கும். அதற்குள் உழவைக் கற்றுவிட இயலாது. ஆனால் அளக்கத் தெரிந்தவர் அவர். உழவருக்கோ அளந்து சொல்ல ஆள் தேவை. எதை அளப்பது? எங்கள் பகுதியில் அதற்கு விடை கிணற்றிலேயே இருக்கிறது.

கிணற்றில் புகுந்த கடல்

விம்கோ நகரில் மின்ரயில் ஏறினால் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூர் வரும். ஆலைப் புகை மறைந்து நெல் வயல்கள் தென்படும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகை இது. 1960களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இப்படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைந்தன. நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் இங்கிருந்து நீர் சென்றது; உழவரும் இறைத்தனர். விளைவாக மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்துவிட்டது.

இது ஏன் நிகழ்கிறது? பள்ளியில் படித்த அடர்த்தி ஒன்றே போதும் புரிந்துகொள்ள. ஒரு கன மீட்டர் நன்னீரின் நிறை 1,000 கிலோ. கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1,025 கிலோ. கடலோர நிலத்தடியில் கனமான கடல்நீரின் மேல் இலேசான நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே எவ்வளவு ஆழம் வரை அது கடல்நீரைத் தள்ளி வைக்கும்? 25 கிலோ வேறுபாட்டை 1,000 கிலோ ஈடுசெய்ய வேண்டும். 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது நாற்பது மீட்டர்! கைபன் 1880களின் இறுதியிலும், ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்ட தொடர்பு இது.

இதனைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்புநீர் எல்லை நாற்பது மீட்டர் மேலேறத் துடிக்கும். மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் கடலைத் தடுக்க எதுவுமே இல்லை.

1987இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010இல் இதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. நகரம் மாற்று வழி கண்டது. உழவருக்கு அவருடைய கிணறுதான் வழி.

உப்பை அளக்கும் கருவி

நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை நாக்கு ஓரளவே சொல்லும். மின்கடத்துத்திறன் அளவி சரியாகச் சொல்லும். தூய நீர் மின்சாரத்தை ஏறத்தாழக் கடத்துவதே இல்லை. உப்பு கரைந்தால் அது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிகிறது. இரு மின்வாய்களை நீரில் அமிழ்த்தி மின்னழுத்தம் தந்தால் அயனிகள் நகரும். அயனிகள் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். மீட்டருக்கு ஒரு டெசிசீமன் என்பது பாசன நீருக்கான அளவு. இனி இதனைச் சுருக்கமாக 'அலகு' என்போம். ஓர் அலகு என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. கடல்நீர் ஏறக்குறைய 50 அலகு.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி 0.7 அலகுக்குக் குறைந்த நீரைப் பொதுவாகத் தயக்கமின்றிப் பாய்ச்சலாம். 3 அலகைத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு தேவை. நெல்லைப் பொறுத்தவரை 2 அலகு வரை விளைச்சல் குறையாது. 4.8 அலகில் பாதியாகிவிடும்.

உப்பு பயிரை எப்படி வருத்துகிறது? வேர் நீரை உறிஞ்சுவது சவ்வூடு பரவலால். உப்புக் கரைசல் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கடல்நீரில் இந்த இழுப்பு ஏறத்தாழ 25 பார். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 25 மடங்கு. மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் அதனோடு போட்டியிட்டே நீரைப் பெற வேண்டும். காலடியில் நீர் நின்றும் பயிர் தாகத்தால் வாடுவது இதனால்தான். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல்லுக்கு இத்துன்பம் அதிகம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டுகிறோம். அது சுமார் 2 லட்சம் லிட்டர். நீர் 2 அலகு எனில், அதில் கரைந்துள்ள உப்பு ஏறத்தாழ 256 கிலோ. ஒரே பாய்ச்சலில் ஐந்து மூட்டை உப்பு! நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மழையோ வடிகாலோ அதனைக் கழுவிச் செல்ல வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

மேற்சொன்ன ஐந்து மாணவர்களும் கடைசியில் மீஞ்சூரை அடுத்த ஒரு கிராமத்துக்கு வந்தார்கள். மே மாதம், சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று தயாராக இருந்தது. கிணறுதோறும் நீரைப் புட்டியில் பிடித்து, மோட்டார் கொட்டகைத் திண்ணையில் வரிசையாக வைத்து, பிற்பகலில் அளந்தார்கள். ஓர் உழவரின் கிணற்று நீர் 2.4 அலகு காட்டியது. மாணவர்கள் அட்டவணையைப் பார்த்து, "ஐயா, இந்தத் தண்ணீர் நெல்லுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு வீட்டில் அவர்களுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். கிணறு, நேரம், அளவு என மூன்று பத்திகள் இருந்தன. வெப்பநிலைக்குப் பத்தி இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்கடத்துத்திறன் குறையும். உப்புக் கரைசலில் நேர்மாறு: வெப்பம் கூடினால் நீரின் பாகுநிலை குறைகிறது, அயனிகள் விரைந்து நகர்கின்றன, கடத்துத்திறன் கூடுகிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் இது சுமார் 2 விழுக்காடு. அட்டவணைகள் எல்லாம் 25 டிகிரிக்கு உரியவை. புதிய அளவிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்ளும். நாங்கள் கொண்டுசென்றதோ ஆய்வுக்கூடத்தின் பழைய கருவி. இதனை முன்னரே எச்சரிக்காதது என் தவறு.

மறுநாள் விடியற்காலை முதல் ரயிலில் போனோம். குழாயிலிருந்து அப்போதே பிடித்த நீரின் வெப்பநிலை 30 டிகிரி. அளவி காட்டியது 2.1. ஐந்து டிகிரி கூடுதல் என்பதால் 1.10ஆல் வகுத்தோம்: 1.9. அதே நீரை நண்பகல் வரை வெயிலில் வைத்தோம். வெப்பநிலை 38 டிகிரி, அளவி 2.4. பதின்மூன்று டிகிரி கூடுதல் என்பதால் 1.26ஆல் வகுத்தோம்: மீண்டும் 1.9. கிணறு மாறவில்லை, எங்கள் புட்டிதான் சூடேறியிருந்தது.

ஆனால் அதற்குள் அந்த உழவர் நடவு ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் வேறு வயலுக்குப் போய்விட்டனர். நடவு நான்கு நாள் தள்ளிப்போயிற்று. தவறு எங்களுடையது என்று ஒளிக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், மாணவர்களைப் பார்த்து, "படிச்ச பிள்ளைங்க சொன்னா நாங்க நம்பிடுவோம் தம்பி. அதனால ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் தவறான அளவுக்குப் போவது மதிப்பெண் மட்டுமே. வயலில் போவது ஒருவரின் ஒரு பட்டம். வகுப்பில் பிழைகளைப் பற்றி நான் நடத்திய பாடம் எதுவும் அன்றுபோல் அவர்கள் மனத்தில் பதிந்ததில்லை. என் மனத்திலுந்தான்.

ஒரு மாதத்தில் செய்யக்கூடியவை

1.9 என்பது எல்லைக்கு மிக அருகில் உள்ள அளவு. எனவே அக்கிணற்றைத் தொடர்ந்து கவனிப்பது என முடிவு செய்தோம். உங்கள் ஊர் கடலோரமாயின் நீங்களும் இவ்வாறு செய்யலாம்.

முதலாவதாக, சில கிணறுகளைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நீர்மட்டம், வெப்பநிலை, கடத்துத்திறன் மூன்றையும் குறியுங்கள். இறைக்குமுன் ஓர் அளவு, இரண்டு மணிநேரம் இறைத்தபின் ஓர் அளவு எடுங்கள். இறைக்க இறைக்க உப்பு கூடினால், உப்புநீர் எல்லை அருகில் இருக்கிறது என்று ஐயுறலாம்.

இரண்டாவதாக, நீரைச் சிக்கனப்படுத்தும் வழியைச் சோதியுங்கள். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு வயலில் புதைக்க வேண்டும். மண்ணுக்குக் கீழே நீர் எவ்வளவு இறங்கியுள்ளது என்பது குழாய்க்குள் தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மீண்டும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நின்றிருக்க வேண்டும். இறைப்பு குறைந்தால் நன்னீர் மட்டம் காக்கப்படும். ஆனால் உப்பு மிகுந்த நீரைப் பாய்ச்சும் வயலில் இதனைக் கையாளக் கூடாது. மண் காயும்போது உப்பு செறிவாகிப் பயிரைத் தாக்கும்.

மூன்றாவதாக, முடிவுகளை நீங்களாகவே உழவருக்குத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. இந்தத் திரூரில் உருவான டி.கே.எம். 6 என்ற நெல்தான், உலகெங்கும் பெயர்பெற்ற ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று. அத்தகைய நிலையங்களின் வல்லுநரிடம் உங்கள் அளவுகளைக் காட்டி, எந்த ரகம், எப்பட்டம், எவ்வளவு நீர் என்று கேட்டு, உழவரோடு அமர்ந்து பேசுங்கள்.

"வயலில் எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்ட மாணவி இப்போது மாதம் ஒருமுறை மீஞ்சூருக்குப் போய் வருகிறாள். பயிற்சிக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. அவளுடைய குறிப்பேட்டில் வெப்பநிலைக்குத் தனிப் பத்தி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அந்தக் கிணற்றின் அளவு 1.6 அலகுக்கு இறங்கியிருந்தது. அடுத்த மே மாதம் அது என்ன காட்டும் என்று உழவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாங்களும் காத்திருக்கிறோம்.