பாதி வேலைக்குப் பாதிப் பலன்தானா?

பாறசாலையை விட்டுக் கிழக்கே, குன்னத்துக்கால், வெள்ளறடைப் பக்கம் போகப் போகத் தென்னை குறைந்து ரப்பர் விளைகள் கூடிக்கொண்டே வரும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் பளுகல், அருமனை என்று ஊர்ப்பெயர் மாறுமே தவிர மரம் மாறாது. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு கம்பி வளையம். பால் வடிய அதில் ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ இருக்கும். அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய விஷயத்தைப் பார்க்கலாம். பல பொருள்கள் ஒன்றையொன்று இடைவிடாமல் பாதித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் விளைவு எப்படிப் பிறக்கிறது என்பதுதான் அது. சிக்கலமைப்பு அறிவியல் என்று இதற்கென்றே ஒரு துறை உண்டு. இயற்பியல், மருத்துவம், பொருளாதாரம், பூச்சியியல் படித்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் துறை அது.

முதலில் கிண்ணம் எப்படி நிறைகிறது என்று பார்ப்போம். பால் வெட்டு ஒழுங்காக நடக்கும் விளையில் கிண்ணத்தை ஒருவர் எடுக்கிறார், கவிழ்க்கிறார், துடைக்கிறார். வெட்டு நின்றால் அதைத் தொட ஆளில்லை. 2011-ல் ஒரு கிலோ ரப்பர் ஷீட் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சீனாவில் தேவை தளர்ந்ததற்கு இதில் பங்கு உண்டு. கச்சா எண்ணெய் விலை சரிந்ததற்கும் பங்கு உண்டு. செயற்கை ரப்பர் எண்ணெயிலிருந்து வருவதால், எண்ணெய் மலிந்தால் அதுவும் மலியும். மரத்து ரப்பரின் விலையையும் கீழே இழுக்கும். வெட்டுக்கூலிகூடத் தேறாது என்று பல விளைகள் சும்மா கிடந்தன. கிண்ணம் மட்டும் மரத்திலேயே தங்கியது. இடவப்பாதி மழை அதை நிறைத்தது.

அடுத்து வருகிறது புலிக்கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி, கடிப்பது பகலில். அதற்குக் குளமோ ஓடையோ வேண்டாம். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதற்குக் கைவந்த வேலை. 2007-ல் மத்திய கேரளத்தின் ரப்பர் மலைகளில் சிக்குன்குனியா காட்டுத்தீயாய்ப் பரவியபோது, அந்த வைரஸின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தச் சின்ன மாற்றம்தான் புலிக்கொசுவின் உடம்பில் அது எளிதாகப் பெருக வழி செய்தது.

எண்ணெய்ச் சந்தை, மழை, பூச்சி, வைரஸ் என்று நான்கு பெயர் சொல்லிவிட்டோம். இவற்றில் யார் குற்றவாளி? தனியாக யாருமில்லை. நான்கும் கைகோக்கும் இடத்தில்தான் காய்ச்சல் பிறக்கிறது. இதுவரை நமக்குப் பெரிய சிரமமில்லை. ஒரு மிடறு சாயா குடித்துவிட்டு, நம் எல்லாருக்கும் உள்ள ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம்.

பாதி வேலை செய்தால் பாதிப் பலன் கிடைக்கும் என்பதே அந்த எண்ணம். கூலிக்கும் கொத்துவேலைக்கும் அது சரி. அதையே கொசுவிடம் கொண்டுபோகும்போது இரண்டு பேச்சுகள் பிறக்கின்றன. "நம் வார்டில் பாதிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாச்சு, காய்ச்சல் பாதியாவது குறையணுமே" என்பது ஒன்று. "கடைசிக் கொசு வரை ஒழிக்க முடியாது, பிறகு எதற்கு இந்தப் பாடு" என்பது இன்னொன்று. கேட்க எதிரும் புதிருமாக இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு.

அந்தக் கணக்கைத் திருத்தியவர் ரொனால்ட் ராஸ். 1857-ல் அல்மோராவில் பிறந்து, 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டு, 1902-ல் நோபல் பரிசு பெற்றவர். கொசுவை முழுக்க ஒழிக்க முடியாது, ஆகவே குறைத்துப் பயனில்லை என்று அவரிடமும் வாதாடினார்கள். அவர் பென்சிலை எடுத்துச் சமன்பாடு எழுதினார். கொசு எண்ணிக்கைக்கு ஒரு கோடு உண்டு, அதற்குக் கீழே இறங்கினால் கொசுக்கள் மிஞ்சியிருந்தாலும் நோய் தானாக அற்றுப்போகும் என்று காட்டினார்.

அந்தக் கோட்டை ஊர்ப்பேச்சை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வதந்தியைக் கேட்டவர் சராசரியாக எத்தனை பேரிடம் சொல்கிறார்? அதுதான் முக்கியம். நூறு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்றரைப் பேர் வீதம் சொல்கிறார்கள் என்றால், பத்துக் கை மாறும்போது புதிதாகக் கேட்பவர்கள் ஏறக்குறைய 5,770 பேர். அந்த ஒன்றரையைப் பாதியாக்குங்கள், முக்கால் வரும். இப்போது பத்தாவது கையில் மிஞ்சுவது ஆறு பேர். குறைத்தது பாதி; விளைவு குறைந்ததோ கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்காக. ஒன்றுக்கு மேலா, கீழா என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நோயில் இந்த எண்ணைப் பரவல் எண் என்பார்கள்: ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் போகிறது என்பது.

இனி எதிர்ப்பக்கம். பரவல் எண் நான்காக இருக்கும் இடத்தில் கொசுவைப் பாதியாக்கினால் எண் இரண்டாகும். அப்போதும் ஒன்றுக்கு மேலேதான். எளிய கணக்குப்படி, நோய் எதிர்ப்பு இல்லாத ஊரில் நான்கு என்றால் கடைசியில் நூற்றுக்கு 98 பேர் நோய்ப்படுவார்கள். இரண்டு என்றால் 80 பேர். கிண்ணம் கவிழ்த்துக் கை ஓய்ந்தவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில்கூடப் படாது. ஆக, ஒரே அளவு உழைப்பு ஓரிடத்தில் நோயை அடியோடு நிறுத்துகிறது, இன்னோரிடத்தில் வீண் போல் தெரிகிறது. உழைப்பில் குறையில்லை. கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் வேறு.

இந்தக் கோட்டுக்கு மாநில எல்லை தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. அதுவரை இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இன்று இஞ்சிவிளையில் இருப்பவர் களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே வருகிறார். புலிக்கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. வைரஸை ஊர் விட்டு ஊர் சுமப்பது மனிதரின் ரத்தம்தான். ஆனால் நோய்க்கணக்கு திருவனந்தபுரத்துக்கு ஒன்றும் நாகர்கோவிலுக்கு ஒன்றுமாகப் போகிறது. ஒரு பக்கம் கிண்ணம் கவிழ்ந்து மறுபக்கம் கவிழாவிட்டால், இரு பக்கமும் சேர்ந்த பரவல் எண் ஒன்றுக்கு மேலேயே நிற்கலாம். வரைபடத்தில் இரண்டாக இருப்பது நோய்க்கு ஒன்று.

இப்போது அந்தப் பெரிய மேசைக்கு ஏன் இத்தனை பேர் வேண்டும் என்பது விளங்கும். இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு துறைக்குள் அடங்காதவை என்று 1948-லேயே கணிதவியலாளர் வாரன் வீவர் எழுதினார். பல சேர்ந்தால் புது விதிகளே பிறக்கும் என்று இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1972-ல் வாதிட்டார். 1984-ல் அமெரிக்காவின் சாண்டா ஃபேயில் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனமே எழுந்தது. நம் பக்கத்தில், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர் சிதாப்ர சின்ஹா, கொரோனாக் காலத்தில் இந்தியாவின் பரவல் எண்ணைக் கணித்து வந்தார். வங்கியில் பணம் எடுக்கக் கூட்டம் முண்டியடிப்பதற்கும் இதே சாயலில் கணக்குப் போடலாம்: ஒருவரின் பயம் எத்தனை பேருக்குத் தொற்றுகிறது?

கடைசிப் படி ஒன்று உண்டு, அதில்தான் பலரும் வழுக்குவது. பரவல் எண் ஒன்றுக்குக் கீழே வந்தால் காய்ச்சல் கண்ணில் படாது. காய்ச்சல் இல்லாதபோது கிண்ணம் கவிழ்க்க ஆள் வராது. எண் மெல்ல ஏறும். வெற்றியே தன்னைக் கெடுத்துக்கொள்ளும் இந்தச் சுற்றைப் பின்னூட்டம் என்பார்கள். கேரள சுகாதாரத் துறை வெள்ளி பள்ளிக்கூடம், சனி அலுவலகம், ஞாயிறு வீடு என்று வாரந்தோறும் தண்ணீர் கொட்டச் சொல்வது கொசு வளரும் அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான். ஆகவே வார்டு உறுப்பினரைப் பார்த்தால் "எத்தனை பேருக்குக் காய்ச்சல்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். காய்ச்சலே இல்லாத வாரத்திலும் வெட்டாத விளைகளின் கிண்ணங்களை யார் கவிழ்க்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளிடம் பேசியாகிவிட்டதா என்பதையும் கேளுங்கள். எண்ணை ஒன்றுக்குக் கீழே வைத்திருப்பது அந்த இரண்டு வேலைகள்தான்.