வண்டி வருமுன்னர் உள்ள நிமிடங்கள்

காலபோக அறுவடை முடிந்த கையோடு எமது பங்கு மண்டபத்தில் முதலுதவிப் பயிற்சி ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தனர். ஆண்கள் நான்கு பேர். மற்றவர்கள் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கற்பிக்க வந்தவர் வைத்தியர் அல்லர். அயற் கிராமத்து யுவதி, மூன்று ஆண்டுகளாக 1990 நோயாளர் காவு வண்டியில் அவசர மருத்துவ உதவியாளராகப் பணியாற்றுபவர். “எங்கட பிள்ளைதானே, இவ என்ன சொல்லித் தரப்போறா?” என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னது எமது காதிலும் விழுந்தது.

இச்சேவை 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் பயிற்சிக்காக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டனர். 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் நடந்த வைபவத்துடன் வடக்கிற்கும் வந்தது. அதற்கு முன்னர் எமது பகுதியில் நோயாளி ஆஸ்பத்திரி போனது உழவு இயந்திரப் பெட்டியிலோ ஓட்டோவிலோதான். இப்போது 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் தமிழிலும் பேசலாம், கட்டணமும் இல்லை. வண்டியில் இருவர் வருவர். ஒருவர் சாரதி, மற்றவர் உதவியாளர். தேவையானபோது உதவியாளர் தொலைபேசியில் வைத்தியரிடம் ஆலோசனை கேட்டுச் செயற்படுவார்.

பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது அவருடைய ஆரம்ப நாட்களைப் பற்றி விசாரித்தோம். நாடித்துடிப்புப் பார்ப்பது, இரத்த அழுத்தம் அளப்பது, ஒட்சிசன் கொடுப்பது, முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவது, வழியில் பிரசவம் நேர்ந்தால் பிள்ளையை ஏந்துவது என்று பாடங்கள் நிறைய. ஆனால் அவர் முதலில் சொன்னது வேறொன்று. வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் சிங்களப் பிள்ளை. இவருக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை. இவர் “நோகுதா?” என்று சொல்லிக் கொடுக்க, அவர் “ரிதெனவத?” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். “வேலையில அதிகம் பாவிச்ச பாடம் அதுதான் சுவாமி” என்று சிரித்தார்.

நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியைப் பொம்மையில்தான் செய்வார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம். பொம்மைக்கு விலா எலும்பு முறிவதில்லை. வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு முதியவருக்கு அதைச் செய்தபோது கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாம். நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாது என்பது பாடம். முதியவர் பிழைக்கவில்லை. வண்டியைக் கழுவி முடிக்குமுன் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. “அண்டைக்கு அழ நேரம் கிடைக்கேல்ல” என்றார். இரவு வேலைக்கு விட மறுத்த தாயார் இப்போது சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாராம்.

பிழைத்த கதையும் உண்டு. பாயில் படுத்திருந்த சிறுவன் ஒருவன் விடியற்புறத்தில் வயிற்றுவலி என்று எழும்பியிருக்கிறான். கடித்த வலி இல்லை, வீக்கமும் இல்லை. வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இவர் போய்ப் பார்த்தபோது கண் இமைகள் சோர்ந்து மூடிக்கொண்டிருந்தன. எட்டடி விரியன் இப்படித்தான், தூங்குபவரைத் தெரியாமலே கடித்து மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வழி முழுவதும் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்துக்கொண்டே போனார். “அந்த வீட்டுக்காரர் வெட்டவுமில்லை, இறுக்கிக் கட்டவுமில்லை, நேரத்தோட போன் எடுத்தவை. பாதி வேலை அவையள் செய்தது.”

இனி நாம் எழுத வேண்டியது எம்மைப் பற்றியது.

2014இல் கோவிலுக்கு அண்மையில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்று நடந்தது. ஓடிப் போனோம். எமது பங்கைச் சேர்ந்த குடும்பஸ்தர் மல்லாக்கக் கிடந்தார். சுயநினைவில்லை, தொண்டையில் குறட்டை போன்ற சத்தம். யாரோ சோடா உடைத்து வாயில் பருக்கினார்கள். நாம் தடுக்கவில்லை. நோயிற்பூசுதல் கொடுத்தோம். பிறகு ஓட்டோவில் அவரை இருத்தி, தலையை எமது தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனோம். சத்தம் நின்றபோது நிம்மதியாகி விட்டார் என்றே எண்ணினோம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

அன்று மண்டபத்தில் அந்தப் பிள்ளை ஓர் இளைஞனைப் பாயில் படுக்கவைத்து, நெற்றியில் ஒரு கையும் நாடியில் இரு விரலும் வைத்துத் தலையை மெல்லப் பின்சாய்த்தார். குறட்டைச் சத்தம் என்றால் நாக்கு வழியை அடைக்கிறது என்றார். நினைவில்லாதவருக்கு ஒரு துளி தண்ணீரும் கொடாதீர்கள், பக்கவாட்டில் புரட்டுங்கள் என்றார். கழுத்து முறிந்திருக்கலாம் என்று ஐயமானால் நாலு பேர் சேர்ந்து, தலையும் உடலும் ஒரே நேராக இருக்க, மரக்குற்றியைப் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். நாம் கடைசி வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேநீர் வேளையில் அந்தக் கதையை அவரிடம் சொன்னோம். ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தோமோ தெரியாது. சற்று யோசித்து, “தெரியாமல் செய்ததுதானே சுவாமி. எண்டாலும் இருத்தி வைச்சிருக்கேக்க நாடி நெஞ்சில முட்டியிருக்கும். உள்ளுக்க என்ன காயம் எண்டு எனக்குத் தெரியாது. மூச்சு வழி மட்டும் திறந்திருக்க வேணும்” என்றார். அவருக்குக் கற்பித்தவர்கள் நன்றாகவே கற்பித்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்கு மறுநாள் போனோம். என்ன பேசினோம் என்பது இங்கு தேவையில்லை. ஆனால் மூத்த மகன் இப்போது ஓட்டோ ஓடுகிறான். அடுத்த பயிற்சியை ஓட்டோச் சாரதிகளுக்கு மட்டும் வைக்கலாமே என்றவன் அவன்தான். ஞாயிறு முதற் பூசைக்குப் பின் என்று நாள் குறித்திருக்கிறோம். இதுவரை ஒன்பது பேர் பெயர் தந்துள்ளனர். வாசலில் நின்று கேள்வி கேட்டவரும் அவர்களுள் ஒருவர். ஒரு பாயும் ஓர் ஓட்டோவும் ஆயத்தமாக வைத்திருக்கும்படி அந்தப் பிள்ளை சொல்லியனுப்பியிருக்கிறார்.