அரண்மனை ஏவலரின் மறைவான விசுவாசம்: எலெக்ட்ரா கதை கூறும் மூன்று கிரேக்கத் துன்பியல் நாடகங்கள்

திறவுச்சொற்கள்: கிரேக்கத் துன்பியல், எலெக்ட்ரா, ஓரெஸ்டீஸ், செவிலி, அடிமை, அரண்மனைச் சூழ்ச்சி

முன்னுரை

ஈஸ்கிலஸ், சோஃபக்கிளீஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவரும் ஒரே கதையை நாடகமாக்கி, அம்மூன்று ஆக்கங்களும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது எலெக்ட்ரா கதை ஒன்றில் மட்டுமே. டிராய்ப் போரில் வென்று திரும்பிய அகமெம்னானை அவன் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ராவும் அவளுடைய காதலன் ஏகிஸ்தஸும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகின்றனர். அயல்நாட்டில் வளர்ந்த மகன் ஓரெஸ்டீஸ் மறைவாகத் திரும்பி வந்து இருவரையும் கொல்கிறான். இக்கொலைகளுக்குப் பழைய காரணங்கள் உண்டு. அகமெம்னானின் தந்தை ஆட்ரியஸ், தன் உடன்பிறந்தான் தையஸ்டீஸுக்கு அவன் பிள்ளைகளின் ஊனையே விருந்தாகப் படைத்தவன். ஏகிஸ்தஸ் அத்தையஸ்டீஸின் மகன். அகமெம்னானோ போருக்குக் கப்பல் செலுத்தும்பொருட்டுத் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிட்டவன்.

இந்நாடகங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தாய்க்கொலையின் அறத்தையே பேசுகின்றன. அது இயல்பே. எனினும், பழிவாங்கும் சூழ்ச்சி எவர் கையால் நிறைவேறுகிறது என்று நோக்கினால் அரச குடும்பத்தினரைக் காட்டிலும் அவ்வீட்டின் ஏவலரே முன்னிற்கின்றனர். அவர்களுடைய விசுவாசம் எவர்பால் உள்ளது, அதனை நாடகாசிரியர் எங்ஙனம் மதிப்பிடுகிறார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈஸ்கிலஸ்: மாற்றப்பட்ட செய்தி

கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரின் டயனைசஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற 'ஓரெஸ்டியா' முத்தொடரின் இரண்டாம் நாடகம் 'கொயிஃபோரை'. கல்லறையில் வார்க்கும் படையல்நீரை ஏந்தி வருவோர் என்பது இத்தலைப்பின் பொருள். அவ்வாறு ஏந்தி வருவோர் அடிமைப் பெண்கள். வீழ்ந்துபட்ட ஒரு நகரிலிருந்து சிறைபிடித்துக் கொணரப்பட்டவர்கள். பாம்பொன்றைப் பெற்றுப் பாலூட்டுவதாகக் கனாக் கண்டு அஞ்சிய கிளைட்டம்னெஸ்ட்ரா, கொலையுண்ட கணவனின் சினத்தைத் தணிக்க அவர்களை அனுப்புகிறாள். உடன் வரும் எலெக்ட்ரா, கொலை செய்தவள் அனுப்பிய நீரை எச்சொல் சொல்லி வார்ப்பது என்று அவ்வடிமைகளிடமே அறிவுரை கேட்கிறாள். ஒரே வீட்டில் ஒரே பகையைச் சுமப்போர் என்னும் உறவே அரசன் மகளை அவர்களோடு இணைக்கிறது.

போரில் பிடிபட்ட பெண்கள், போர் நடத்திய மன்னனுக்காகப் புலம்புவது முரணாகத் தோன்றலாம். அவர்களுடைய விசுவாசம் அகமெம்னான்மீது கொண்ட அன்பு என்பதைவிட, இப்போது ஆள்வோர்மீது கொண்ட வெறுப்பு எனக் கொள்வதே நாடகத்திற்குப் பொருந்துவதாகும்.

இம்மறைவான விசுவாசம் செயலாக மாறும் இடம் நாடகத்தின் இரண்டாம் பகுதியில் வருகிறது. தன்னை அயலானாகக் காட்டிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்த ஓரெஸ்டீஸ், ஓரெஸ்டீஸ் இறந்துவிட்டதாகப் பொய்ச்செய்தி கூறுகிறான். ஏகிஸ்தஸை மெய்க்காவலருடன் அழைத்துவரக் கிளைட்டம்னெஸ்ட்ரா ஒரு முதிய செவிலியை ஏவுகிறாள். சிலீசியா நாட்டுப்பெண் எனப் பொருள்படும் கிலிஸ்ஸா என்பதே அவளுடைய பெயர். ஊர்ப்பெயராலேயே அடிமைகளை அழைத்த கிரேக்க வழக்கிற்கு இதுவும் ஒரு சான்று. எதிர்ப்பட்ட அவளிடம் பாடற்குழுப் பெண்கள், காவலர் வேண்டாம், தனியே வரச் சொல் என்கின்றனர். அவள் அவ்வாறே சொல்கிறாள். ஏகிஸ்தஸ் தனியே வந்து மாள்கிறான். வருணித்தும் வருந்தியும் நிற்பதே பெரும்பாலும் பாடற்குழுவின் பணி. அது கதையின் போக்கை இங்ஙனம் நேரே திருப்புவது கிரேக்க நாடகத்தில் அரிது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஓரெஸ்டீஸ் உயிருடன் இருப்பதைச் செவிலியிடம் எவரும் சொல்வதில்லை. பாடற்குழு குறிப்பாக ஏதோ உணர்த்துகிறது, அவள் வினவுகிறாள், தெளிவான விடை கிடைப்பதில்லை. அரசியின் ஆணையை மாற்றிச் சொல்வது கண்டறியப்பட்டால் அவளுக்கு என்ன நேரும் என்பதை அவையோர் அறிவர். ஏதென்ஸ் நீதிமன்றங்களில் அடிமையின் சாட்சியம் சித்திரவதையின் வழிப் பெறப்பட்டால்தான் ஏற்கப்படும். அத்தகைய நகரத்து அரங்கில் ஓர் அடிமைப் பெண்ணின் வாய்ச்சொல்லில் ஓர் அரசகுலத்தின் முடிவு தங்கியிருக்கிறது.

அவள் ஏன் இணங்குகிறாள் என்பதற்கு அவளுடைய புலம்பலே விடை தருகிறது. குழந்தை ஓரெஸ்டீஸ் இரவில் அழுததையும், பசி, தாகம், சிறுநீர் எதனையும் சொல்லத் தெரியாத அவன் நனைத்த துணிகளைத் தான் துவைத்ததையும் அவள் நினைவுகூர்கிறாள். மூன்று நாடகங்களிலும் இவ்வளவு எளிய வீட்டுப்பேச்சு வேறெங்கும் இல்லை எனலாம். பின்னர்க் கிளைட்டம்னெஸ்ட்ரா, இம்மார்பில் பால் குடித்தவன் நீ எனத் தன் மார்பைக் காட்டி மகனிடம் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, சற்றுமுன் கேட்ட செவிலியின் சொற்கள் அவ்வுரிமையைக் கேள்விக்குள்ளாக்குகின்றன.

இவளைத் தமிழில் 'செவிலி' எனச் சுட்டுவதில் ஒரு தயக்கமும் உண்டு. சங்க அகப்பாடல்களின் செவிலி, தலைவியின் குடும்பத்தில் மதிப்புடன் விளங்கும் வளர்ப்புத்தாய். கிலிஸ்ஸாவின் அடிமைநிலை அச்சொல்லில் மறைந்துவிடுகிறது. வேறு நல்ல சொல் இல்லாமையால் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

சோஃபக்கிளீஸ்: சூழ்ச்சியை நடத்தும் முதியவர்

சோஃபக்கிளீஸின் 'எலெக்ட்ரா'வில் பாடற்குழுவினர் மைசீனி நகரத்துப் பெண்கள், அடிமைகள் அல்லர். மறைவான விசுவாசம் அனைத்தும் ஓரெஸ்டீஸை வளர்த்த முதிய ஆசானிடம் குவிகிறது. டெல்ஃபியில் நடந்த தேரோட்டப் போட்டியில் ஓரெஸ்டீஸ் வீழ்ந்து இறந்தான் என்று நீண்டதொரு பொய்யை நேரில் கண்டவர்போல் கிளைட்டம்னெஸ்ட்ராவிடம் உரைப்பவர் அவரே. உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் அறிந்து மகிழ்ந்து தம்மை மறக்கும்போது கண்டிப்பவரும் அவரே. வாயிலில் தாம் காவல் நின்றிராவிட்டால் சூழ்ச்சி முன்னமே வெளிப்பட்டிருக்கும் என்கிறார். ஓரெஸ்டீஸ் அவரை ஏவலருள் மிக இனியவர் எனப் போற்றுகிறான். ஆயினும் முதுமையிலும் ஊக்கம் குன்றாத உயர்ந்த சாதிக் குதிரைக்கு ஒப்பிட்டே போற்றுகிறான். அன்பும் உடைமையுணர்வும் அவ்வுவமையில் ஒருங்கே உள்ளன. எலெக்ட்ராவோ அவரைத் தந்தை என்றே விளிக்கிறாள்.

யூரிப்பிடிஸ்: வென்றவர் பக்கம்

யூரிப்பிடிஸின் 'எலெக்ட்ரா' சோஃபக்கிளீஸின் நாடகத்திற்கு முந்தியதா பிந்தியதா என்பது அறிஞரிடையே முடிவாகவில்லை. ஆகவே பின்வரும் வேறுபாட்டினை வளர்ச்சி என்றோ தேய்வு என்றோ கூற இயலாது.

இங்கும் ஒரு முதியவர் உண்டு. அகமெம்னானை வளர்த்தவரும், குழந்தை ஓரெஸ்டீஸை ஏகிஸ்தஸிடமிருந்து காத்தவரும் அவரே. புருவத்தருகிலுள்ள வடுவினைக் கொண்டு ஓரெஸ்டீஸை அடையாளம் காண்கிறார். பின்னர் நிகழும் உரையாடல்தான் குறிப்பிடத்தக்கது. வனதேவதைகளுக்குப் பலியிடச் சென்றுள்ள ஏகிஸ்தஸுடன் இருப்போர் யாவர் என ஓரெஸ்டீஸ் வினவ, வீட்டு அடிமைகள் மட்டுமே என்கிறார் முதியவர். அவர்கள் ஓரெஸ்டீஸை ஒருபோதும் கண்டதில்லை என்றும் சொல்கிறார். நாம் வென்றால் அவர்கள் நம்பக்கம் சாய்வார்களா என்னும் வினாவிற்கு, அடிமைகளின் இயல்பே அதுதான், உனக்கும் அது நன்மையே என விடை வருகிறது. தாமும் ஓர் ஏவலராக இருந்துகொண்டு, வாழ்நாள் முழுதும் ஒரே குடும்பத்தின்பால் மாறாது நின்ற ஒருவர் இதனைச் சொல்வது கசப்பானது.

நிகழ்வது அவர் கணித்ததற்குச் சற்று வேறானது. ஏகிஸ்தஸ் வீழ்ந்தவுடன் அடிமைகள் சாய்ந்துவிடவில்லை. படைக்கலம் ஏந்திப் பாய்கின்றனர். ஓரெஸ்டீஸ் தன்னை இன்னான் எனக் கூறியபின் நிற்கின்றனர். ஒருவரும் அறியார் எனப்பட்ட அக்கூட்டத்தில், அவ்வீட்டில் நெடுங்காலம் இருந்த ஒரு முதிய அடிமை அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். அதன்பின்னரே அவனுக்கு மாலை சூட்டி ஆர்ப்பரிக்கின்றனர். ஏகிஸ்தஸின் வீட்டிலேயே இத்தனை ஆண்டுகள் ஒரு நினைவு வாய்திறவாமல் இருந்திருக்கிறது. யூரிப்பிடிஸ் அம்மனிதருக்குப் பெயரும் தரவில்லை, ஒரு சொல்லும் தரவில்லை.

இச்செய்தியைக் கொணர்பவனும் ஓர் ஏவலனே. வெற்றியைக் கூறிய அவனை எலெக்ட்ரா நம்புவதில்லை. நீ யார் எனக் கேட்கிறாள். உன் உடன்பிறந்தானின் ஏவலன் என அவன் தன்னை விளக்கிய பின்னரே, அச்சத்தால் முகம் அறியாது போனேன் என்கிறாள்.